ரிப்போட்டில் இருக்கும் மரபணு அண்ணாவுடையதா, கட்டியுடையதா?

கேள்வி:

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். என் அண்ணாவுக்கு வயது 49. படகு எஞ்சின் திருத்துவது அவருடைய தொழில். சில மாதங்களாகத் தலையிடி என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் வேலை செய்யும் இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். இங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமை ஆகிறது. கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதையும் எடுத்துவிட்டோம் என்று சொன்ன டொக்டரே, கதிர்ச் சிகிச்சையும் மாத்திரையும் கட்டாயம் வேண்டும் என்கிறார். எடுத்த பிறகு எதற்கு?

கட்டித் துண்டை இந்தியாவுக்கு அனுப்பிச் செய்த ரிப்போட்டில் "கிளியோபிளாஸ்டோமா, தரம் 4, ஐ.டி.எச். விகாரம் இல்லை; எம்.ஜி.எம்.ரி. மெதிலேற்றம் பொசிட்டிவ், ஈ.ஜி.எவ்.ஆர். பெருக்கம் உண்டு" என்று இருக்கிறது. பொசிட்டிவ் என்றதைக் கண்டு அண்ணி அழுதபடி இருக்கிறா. இது ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவுமா? பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன், ஒரு மரபணுவின் செயற்பாட்டை அடக்கினால் மூளைக்கட்டிக் கலங்கள் வளர்வதும் பரவுவதும் நின்றுவிடுகிறது என்று ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் காட்டுகிறான். அந்த மருந்து இந்தியாவில் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். தம்பலகாமத்தில் இருக்கும் வயலை விற்றுக் கொண்டுபோகலாமா? கடைசியாக ஒன்று: மரபணு என்றால் பரம்பரைதானே? என் பிள்ளைகளுக்கும் அண்ணாவின் மகனுக்கும் இப்போதே பரிசோதிக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளைகளைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் பிள்ளைகளுக்கோ அண்ணாவின் மகனுக்கோ இப்போது எந்த மரபணுப் பரிசோதனையும் வேண்டியதில்லை. ஸ்கேனும் வேண்டியதில்லை.

அந்த ரிப்போட்டில் உள்ள மூன்று மரபணுக்களும் அண்ணாவின் கட்டித் துண்டில் பார்க்கப்பட்டவை. நான் நோயியல் வைத்தியன்; இப்படியான துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் என் வேலை. எங்களிடம் வருவது கட்டிதான், ஆள் அல்ல. அண்ணா பிறக்கும்போது அவருடைய மரபணுக்கள் எல்லோருடையதையும் போலவே இருந்திருக்கும். பிறகு எப்போதோ, மூளையில் ஏதோ ஒரு கலம் பிரிவடையும்போது டி.என்.ஏ.யில் ஒரு பிழை விழுந்திருக்கிறது. அது திருத்தப்படாமல் அடுத்த தலைமுறைக் கலங்களுக்குப் போக, அங்கே இன்னொரு பிழை சேர்ந்திருக்கிறது. இந்தப் பிழைகள் அந்த ஒரு கலத்தின் வழிவந்தவற்றில் மட்டும்தான் இருக்கும். விந்துக்குப் போகாது; ஆகவே மகனுக்கும் போகாது. உங்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

மூளையின் தாங்கு கலங்களிலிருந்து வரும் கட்டிகளுக்குக் கிளியோமா என்று பொதுப்பெயர்; அண்ணாவுடைய கிளியோபிளாஸ்டோமா அவற்றில் ஒரு வகை. பரம்பரையாக வரும் கிளியோமாக்களே இல்லை என்று சொல்லமாட்டேன். 100இல் ஏறத்தாழ 5 அப்படி இருக்கலாம். நெருங்கிய இரத்த உறவில் இரண்டு பேருக்கு மூளைக்கட்டி, இளம் வயதிலேயே மார்பகப் புற்றோ எலும்பு, தசைப் புற்றோ வந்த பல பேர் ஒரே குடும்பத்தில், பிறந்ததிலிருந்து உடம்பில் நிறைய பால்கோப்பி நிறத் திட்டுகள், இப்படி ஏதாவது இருந்தால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், அது வேறு கதை. இல்லாவிட்டால் மகனுக்கு ஒவ்வொரு முறை தலையிடிக்கும்போதும் பயந்து ஓடவேண்டாம்.

இன்னொரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள்: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோன் கோபுரம். மூளைக்கட்டிக்குக் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தது, தலைக்குக் கொடுக்கப்படும் அதிக அளவிலான அயனாக்கும் கதிர்வீச்சு; சிறுவயதில் வேறு நோய்க்குத் தலையில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் அதைக் கண்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசி அலைகளை 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் "புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்" என்ற, உறுதியில்லாத வகுப்பில்தான் வைத்தது. கைத்தொலைபேசி பரவிய வேகத்தில் மூளைக்கட்டி கூடவில்லை. கோபுரத்தை விட்டுவிடுங்கள்.

இனி அண்ணி அழுத அந்த வரிக்கு வருவோம். எம்.ஜி.எம்.ரி. மெதிலேற்றம் பொசிட்டிவ். இதைக் கண்டு பயப்படாத குடும்பம் இல்லை. ஆனால் அந்த ரிப்போட் முழுவதிலும் அண்ணாவுக்குச் சாதகமாக இருக்கும் ஒரே வரி இதுதான்.

எம்.ஜி.எம்.ரி. என்பது நம் எல்லோரிடமும் இருக்கும், நமக்கு நன்மை செய்யும் ஒரு மரபணு. அது தரும் புரதம் டி.என்.ஏ.யில் ஏற்படும் ஒருவகைக் காயத்தைத் திருத்துகிறது. இப்போது அண்ணாவுக்குத் தரப்போகும் மாத்திரையின் பெயர் டெமொசோலமைட். கட்டிக் கலத்தின் டி.என்.ஏ.யில் குவானின் என்ற எழுத்தின்மேல் மெதைல் கூட்டம் என்ற சிறிய இரசாயனத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுவது அதன் வேலை. அந்தக் காயத்தோடு பிரிவடைய முயலும் கலம் திணறி இறந்துபோகிறது. எம்.ஜி.எம்.ரி. புரதம் நிறைய இருந்தால் என்ன நடக்கும்? ஒட்டிய மெதைலைக் கழற்றித் தன்மேல் எடுத்துக்கொள்ளும். மருந்து செய்த வேலை வீணாகும். ஒரு புரத மூலக்கூறால் ஒரு காயத்தைத்தான் திருத்த முடியும், திருத்தியதும் அது அழிந்துவிடும். ஆகவே எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன, அதாவது அந்த மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதுதான் கணக்கு.

அண்ணாவின் கட்டியில் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. அதன் எழுத்துகள் ஒன்றும் மாறவில்லை. தொடக்கப் பகுதியில் மெதைல் கூட்டங்கள் படிந்திருப்பதால் (ரிப்போட் மெதிலேற்றம் என்பது இதைத்தான்) கலம் அதைப் படிக்காமல் விடுகிறது. மருந்து ஒட்டுவதும் மெதைல்தான், இதுவும் மெதைல்தான். இடம் வேறு, விளைவு வேறு. திருத்துகிறவன் குறைவாக இருக்கும் கட்டியில் மருந்தின் அடி நன்றாக விழும்.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்காக அடுத்த பந்தி. வேண்டாம் என்றால் தாண்டிப் போகலாம், குறையில்லை. அண்ணாவுக்கு வாசித்துக் காட்டுவதற்கு முன்பு அவர் கேட்க விரும்புகிறாரா என்று கேளுங்கள்.

2005இல் ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கதிர் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், கதிரோடு டெமொசோலமைட்டும் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இரண்டு வருடம் கடந்தவர்கள் முதல் கூட்டத்தில் 10.4 வீதம், இரண்டாவதில் 26.5 வீதம். அவர்களில் 206 பேரின் கட்டியில் எம்.ஜி.எம்.ரி.யைப் பார்க்க முடிந்தது. மெதிலேற்றம் இருந்து, கதிரும் மாத்திரையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், இரண்டு வருடம் கடந்தவர்கள் 46 வீதம். மெதிலேற்றம் இல்லாதவர்களுக்கு அதே சிகிச்சையில் 12.7 மாதம். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்குக் குறைய, பாதிப்பேர் அதற்குக் கூட. அண்ணா எந்தப் பாதியில் என்று இந்த எண் சொல்லாது. நோய் கடுமையானது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த வரிக்காக அண்ணி அழவேண்டியதில்லை.

ஐ.டி.எச். விகாரம் இல்லை என்ற வரி நேரெதிர். விகாரம் இல்லை என்றால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். கிளியோமாவில் அப்படி இல்லை. கிளியோபிளாஸ்டோமாக் கட்டிகளின் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த ஒரு குழு, சிலவற்றில் ஐ.டி.எச்.1 என்ற மரபணு மாறியிருப்பதை 2008இல் கண்டது. அடுத்த வருடமே அந்த மாற்றத்தால் என்ன நடக்கிறது என்று தெரிந்தது: சக்தி உற்பத்தியில் வேலை செய்யவேண்டிய நொதியம், 2-ஹைட்ரொக்சிகுளூட்டறேற் என்ற வேறொரு பொருளைச் செய்து குவிக்கிறது. அது பல மரபணுக்களின் செயற்பாட்டைக் குழப்பிக் கலத்தைக் கட்டியாக்குகிறது. ஆனால் அப்படி உருவாகும் கட்டி மெதுவாக வளர்வது, இளம் வயதினரில் வருவது, சிகிச்சைக்கு ஓரளவு இணங்குவது. இரண்டும் வெவ்வேறு நோய் என்பது தெளிவானதால், 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்படுத்தல் ஐ.டி.எச். விகாரம் இல்லாததை மட்டும் கிளியோபிளாஸ்டோமா என்று அழைக்கிறது. அண்ணாவுடையது அதுதான். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு, மருமகனின் கட்டுரைக்கு வரும்போது தேவைப்படும்.

மூன்றாவது, ஈ.ஜி.எவ்.ஆர். இது 7ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. கலத்தின் வெளிச்சுவரில் நின்று, "வளர்" என்ற செய்தியை வெளியிலிருந்து வாங்கி உள்ளே அனுப்பும் ஏற்பி ஒன்றை இந்த மரபணு செய்கிறது. சாதாரணக் கலத்தில் இரண்டு பிரதிகள். பெருக்கம் உண்டு என்றால் கட்டிக் கலத்தில் அது பல மடங்கு பிரதிகளாகிவிட்டது என்று அர்த்தம். சுவரெல்லாம் ஏற்பி. வெளியே செய்தி குறைவாக இருந்தாலும் உள்ளே வளர்ச்சிக் கட்டளை ஓயாது. அந்தக் கட்டளையைத் தடுக்கும் வேலை பி.ரென். என்ற இன்னொரு மரபணுவுக்கு. அது 10ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. கிளியோபிளாஸ்டோமாவில் 7ஆவது கூடுவதும் 10ஆவது தொலைவதும் மிகச் சாதாரணம். அதாவது ஏவுகிறது ஒன்று கூடிப்போய், அடக்குகிறது ஒன்று இல்லாமல் போகிறது.

அந்தக் கட்டளை கலத்தைப் பிரிவடையச் செய்வதோடு நிற்பதில்லை. நகரவும் செய்கிறது. இதில்தான் உங்கள் "எடுத்த பிறகு எதற்கு?" என்ற கேள்விக்கு விடை இருக்கிறது.

வயல் உள்ள குடும்பம், அறுகம்புல்லை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மேலே தெரியும் பற்றையை வேரோடு பிடுங்கினாலும், மண்ணுக்குள் ஓடிய தண்டு நாலடி தள்ளி எட்டிப் பார்க்கும். இந்தக் கட்டியும் அப்படித்தான் பரவுகிறது. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாகத் தெரியும் கட்டியின் விளிம்பு உண்மையான விளிம்பு இல்லை. அதற்கு அப்பால், பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் மூளைக்குள், தனித்தனிக் கலங்கள் ஊர்ந்து போயிருக்கும். நுணுக்குக்காட்டியில் அவற்றைக் கண்டிருக்கிறேன்: நரம்பு இழைகளின் ஓரமாக, இரத்தக் குழாய்களைச் சுற்றி, மூளையின் மேற்பரப்புக்குக் கீழே. 1938இலேயே ஷேரர் என்ற நோயியல் வைத்தியர் இந்தப் பாதைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். இரண்டு பக்க மூளையையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் வழியாக மறுபக்கம் போய்விட்ட கட்டிகளும் உண்டு. 1928இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் வோல்ற்றர் டான்டி, ஏற்கெனவே ஒரு பக்கம் செயலிழந்த நோயாளிகள் சிலரில் கட்டியிருந்த பக்க மூளையையே எடுத்துப் பார்த்தார். அப்படியும் நோய் திரும்பி வந்தது.

இதில் மரபணுக்களின் பங்கு பல தளங்களில் இருக்கிறது. நகரும் கலம் தன்னைச் சுற்றியிருக்கும் பொருளைக் கரைத்து வழி செய்யவேண்டும். அதற்கான நொதியங்களை, எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 போன்றவற்றை, கிளியோமாக் கலங்கள் அதிகமாகச் சுரக்கின்றன. இடுக்குகளுக்குள் நுழைய உப்பையும் நீரையும் வெளியே தள்ளித் தன் பருமனைக் குறைத்துக்கொள்கின்றன. ஒட்சிசன் குறைந்த இடத்தில் எச்.ஐ.எவ். என்ற புரதம் விழித்துக்கொண்டு, புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கும் மரபணுக்களையும் இடம்பெயர வைக்கும் மரபணுக்களையும் ஏவுகிறது. நகர்ந்துகொண்டிருக்கும் கலம் அந்த நேரத்தில் குறைவாகப் பிரிவடைகிறது, ஓரிடத்தில் தங்கியதும் மறுபடி பெருகுகிறது என்றும் ஒரு கருத்து உண்டு. எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை, எனக்கு அதில் உண்மை இருப்பதாகத்தான் படுகிறது. 2019இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. கட்டிக் கலங்கள் சுற்றியுள்ள நரம்புக் கலங்களோடு உண்மையான நரம்பிணைப்புகளையே ஏற்படுத்திக்கொள்கின்றன, மூளை வேலை செய்யும்போது எழும் மின்சைகைகளை வாங்கி அதையும் வளர்ச்சிக்குப் பயன்படுத்துகின்றன என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின.

ஆகவே சத்திரசிகிச்சை செய்த டொக்டர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தார், தெரியாதது மிஞ்சியிருக்கிறது. திரும்ப வரும் கட்டிகளில் பெரும்பாலானவை பழைய இடத்திலிருந்து 2 சென்ரிமீற்றருக்குள்தான் வருகின்றன. அதனால்தான் கதிரை முழு மூளைக்கும் கொடுக்காமல், எடுத்த குழியையும் அதைச் சுற்றியுள்ள ஒரு வளையத்தையும் குறிவைக்கிறார்கள். பரவியிருக்கும் கலங்களுக்கு எதிராக நம்மிடம் இருப்பது கதிரும் மாத்திரையும்தான்.

ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகுமா? மிக மிக அரிது. மூளைக்குள் இவ்வளவு தூரம் ஊரும் கலங்கள் மூளையை விட்டு வெளியேறுவது ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். யாராவது முழு உடம்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னால் என்ன காரணம் என்று கேளுங்கள்.

சரி, மருமகனின் கட்டுரை. மரபணுவின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, இப்படியான கட்டுரைகள் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் வருகின்றன, பெரும்பாலும் ஒரே முறையில்தான் செய்யப்படுகின்றன. கண்ணாடித் தட்டில் வளரும் கிளியோமாக் கலங்களுக்குள் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளை விட்டு, ஒரு மரபணுவின் செய்தியை அழித்துவிடுவார்கள். பிறகு கலங்கள் எவ்வளவு பெருகுகின்றன என்று எண்ணுவார்கள். பரவலை அளக்க, தட்டில் படர்ந்திருக்கும் கலங்களுக்கு நடுவே ஒரு கீறல் போட்டு, அந்த இடைவெளி எத்தனை மணித்தியாலத்தில் மூடுகிறது என்று பார்ப்பார்கள். அல்லது ஒரு ஜெலி படலத்தைத் துளைத்து எத்தனை கலங்கள் மறுபக்கம் போகின்றன என்று எண்ணுவார்கள். மரபணு அடங்கினால் கீறல் மெதுவாக மூடும், குறைவான கலங்கள் கடக்கும். கடைசியில் எலியில் போட்டுப் பார்ப்பார்கள். முடிவு சரியாகவே இருக்கலாம். நான் அவற்றைக் குறை சொல்லவில்லை, நோயின் உள்வேலைகளை நாம் அறிந்ததே இப்படித்தான்.

ஆனால் கட்டுரையில் எந்தக் கலங்களைப் பயன்படுத்தினார்கள் என்று மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள். யூ-87 என்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1960களில் சுவீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்தது என்று சொல்லி உலகம் முழுவதும் இதைத்தான் பாவிக்கிறார்கள். 2016இல் உப்சாலாவில் பத்திரப்படுத்தியிருந்த மூலத் துண்டோடு ஒப்பிட்டபோது, இன்று புழங்கும் யூ-87 அந்த நோயாளியுடையதே அல்ல என்று தெரிந்தது. அதுவும் ஒரு கிளியோபிளாஸ்டோமாதான் என்று கருத இடமுண்டு, யாருடையது என்றுதான் தெரியாது. அதைவிடப் பெரிய குறை வேறு. யூ-87ஐ எலியின் மூளையில் போட்டால், அது ஊர்ந்து பரவாமல் ஓர் உருண்டையாகவே வளர்கிறது. அண்ணாவின் நோயில் நமக்குக் கஷ்டம் தருவது எதுவோ, அதை அந்த எலி காட்டுவதே இல்லை. தட்டில் கீறல் மூடுவது பிந்தியது என்பதிலிருந்து மனித மூளையில் பரவல் நிற்கும் என்று சொல்ல இன்னும் பல படிகள் இருக்கின்றன.

அடுத்தது மருந்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தட்டில் ஆர்.என்.ஏ. துண்டை ஊற்றிவிடலாம். இரத்தத்தில் ஏற்றினால் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் பெரும்பாலான பொருட்களை உள்ளே விடாது. விட்டாலும், ஊர்ந்து போய்விட்ட ஒவ்வொரு கலத்தையும் தேடிப் பிடிக்கவேண்டும்.

மூன்றாவது தடைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது: கட்டி ஒரே ஒரு மரபணுவை நம்பி இருப்பதில்லை. அண்ணாவின் ரிப்போட்டில் உள்ள ஈ.ஜி.எவ்.ஆர்.ஐயே எடுங்கள். அதை அடக்கும் மாத்திரைகள் நுரையீரல் புற்றில் நன்றாக வேலை செய்கின்றன. அதே மாத்திரைகள் கிளியோபிளாஸ்டோமாவில் தோற்றன. ஈ.ஜி.எவ்.ஆரின் குறுகிய வடிவம் ஒன்று இந்தக் கட்டிகள் சிலவற்றில் மட்டும் இருக்கிறது. அதற்கு எதிராக ஒரு தடுப்பூசி செய்து பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2017இல் முடிவு வந்தது, ஆயுள் கூடவில்லை. திரும்ப வந்த கட்டிகளைப் பார்த்தபோது பலவற்றில் அந்தக் குறுகிய வடிவம் இல்லாமலே போயிருந்தது; ஊசி போடாதவர்களிலும் அப்படித்தான். ஒரே கட்டிக்குள் ஒரு மரபணுவை நம்பும் கலமும் நம்பாத கலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றை அடக்கினால் மற்றது இடத்தைப் பிடிக்கிறது.

அப்படியானால் இந்த ஆராய்ச்சிகளால் பயனே இல்லையா என்று மருமகன் கேட்பான். இருக்கிறது. மேலே சொன்ன ஐ.டி.எச். விகாரத்தையே பார்க்கச் சொல்லுங்கள். 2008இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாறிய நொதியத்தைத் தடுக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரை, தரம் 2 கிளியோமா உள்ளவர்களில் நோய் முன்னேறாமல் இருக்கும் காலத்தை 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீட்டியது என்று 2023இல் காட்டினார்கள். 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்பிலிருந்து மாத்திரைக்கு 16 வருடம். அதுவும் கட்டியை ஆரம்பத்திலேயே உருவாக்கும் மரபணு என்பதால். அண்ணாவின் கட்டியில் அந்த விகாரம் இல்லை, ஆகவே அந்த மாத்திரை அவருக்கு வேலை செய்யாது. யாராவது அதை விற்க வந்தால் வாங்கவேண்டாம்.

வயலை விற்காதீர்கள். ஒரு மரபணுவை அடக்கி இந்தக் கட்டி பரவுவதை நிறுத்தும் மருந்து சென்னையிலும் இல்லை, வேலூரிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. அண்ணாவுக்கு உள்ள நிலையான சிகிச்சை எங்கே போனாலும் ஒன்றுதான்: 60 கிறே (கதிரை அளக்கும் அலகு) கதிர், 30 தடவையாக, கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை, அந்த நாட்கள் முழுவதும் தினமும் டெமொசோலமைட், பிறகு ஒரு இடைவெளி விட்டு, 28 நாளில் 5 நாள் என்ற கணக்கில் மாதா மாதம். இது இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் செய்யக்கூடியது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கிடைக்கும் இடத்துக்காக மட்டும் காத்திருக்காமல், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் செய்ய முடியுமா என்று உங்கள் டொக்டரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். ஆறு கிழமை ஒருவர் கூடவே தங்கவேண்டும், உப்புவெளியிலிருந்து மட்டக்களப்பு கொழும்பைவிடக் கிட்ட. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கதிரைத் தொடங்க ஏற்ற காலம் ஏறக்குறைய மூன்று முதல் ஆறு கிழமை. உங்களுக்கு மூன்று ஆகிவிட்டது. கடவுச்சீட்டு, விசா, பயணம் என்று இந்த நேரத்தைச் செலவழிப்பதுதான் நான் பயப்படும் விஷயம்.

இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள். அதற்கு ஆளைக் கொண்டுபோகத் தேவையில்லை. ஸ்கேன் படங்களும் ரிப்போட்டும் போதும். கட்டித் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டை ஆய்வுகூடத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள். பின்னால் எந்தப் புதிய பரிசோதனை வந்தாலும் அதிலிருந்துதான் செய்யவேண்டும்.

இந்தியாவில் மருந்து கிடைக்கும் என்று சொன்னவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இது மருத்துவ ஆய்வா, ஆய்வென்றால் எத்தனையாம் கட்டம்? ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குகிறார்களா? ஒழுங்கான ஆய்வில் ஆய்வு மருந்துக்குக் காசு கேட்பதில்லை, எழுத்தில் எல்லாம் விளக்கிக் கையெழுத்து வாங்குவார்கள். இலட்சக்கணக்கில் முற்பணம் கேட்டு "மரபணுச் சிகிச்சை" என்று சொன்னால் ஃபோனை வைத்துவிடுங்கள். மாத்திரை வைத்தியசாலையில் கையிருப்பில் இல்லாத மாதம் வெளியில் வாங்கவேண்டி வரலாம், அண்ணாவுக்கு நீண்ட நாள் வருமானம் இருக்காது. பணத்துக்குத் தேவை அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் கவனிக்கவேண்டியவை. வலிப்பு மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது. அண்ணா எவ்வளவு நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் இப்போதைக்குப் படகில் ஏறவேண்டாம், மோட்டார் சைக்கிள் ஓட்டவேண்டாம், கடலிலோ கிணற்றடியிலோ தனியே குளிக்கவேண்டாம். வீக்கத்துக்கு டெக்சாமெதசோன் கொடுத்திருப்பார்கள். பசி கூடும், முகம் ஊதும், சீனி ஏறும், இரவில் தூக்கம் வராது. அதற்காகச் சட்டென்று நிறுத்திவிடக்கூடாது. டொக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். டெமொசோலமைட் குளிசையை வெறும் வயிற்றில், அதற்கு முன்பு வாந்தி மாத்திரை போட்டுவிட்டு, உடைக்காமல் விழுங்கவேண்டும். கதிர் நடக்கும் நாட்களில் கிழமைக்கு ஒரு முறையாவது இரத்தம் பார்ப்பார்கள். வெண்கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் குறைகின்றனவா என்று அறியத்தான் அது, தூரம் என்று தவறவிடாதீர்கள். 100.4 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, முரசில் இரத்தம் கசிந்தாலோ, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், கீமோ மாத்திரை குடிக்கிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.